மத்தியானச் சோற்றை எடை போட வந்தவள்

எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு. மரக்கதவை நான் உள்ளேயிருந்து திறக்கலாம், சாத்தலாம். அதற்கு வெளியே இருக்கிற கம்பிக் கதவுக்குப் பூட்டு வெளிப்பக்கம். காலையில் மருமகள் அதைப் பூட்டி, ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். மகன் அவளுக்கு முன்பே போயிருப்பான். அதற்கப்புறம் பொழுது சாயும் வரை நானும் சுவரும்தான்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சூளகிரிப் பக்கம் இருந்த எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு மகனோடு ஜூஜுவாடிக்கு வந்தேன். வந்த புதிதில் உப்பு வாங்கக் கீழே இறங்கினவள் வழி தவறிவிட்டேன். இங்கே எல்லாச் சந்தும் ஒரே மாதிரி, எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பிக் கதவு. கர்நாடகா எல்லை வரை நடந்துபோய், ஒரு கறிக்கடைக்காரர் என் மகனுக்குப் போன் போட்டுச் சொல்லும்படி ஆயிற்று. கொஞ்ச நாள் கழித்து அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனேன். பால் கருகிப் புகை படிக்கட்டு வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கி, வீட்டுக்கார அம்மா அலறி, தெருவே மாடிக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து கதவுக்குப் பூட்டு வந்தது. கேஸ் சிலிண்டரின் தலையில் மாட்டுகிற ரெகுலேட்டரைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டுப் போகிற வழக்கமும் வந்தது. பரண் எனக்கு எட்டாது.

"உனக்காகத்தாம்மா," என்றான் மகன். எனக்காகத்தான். அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை.

வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அரிசி மூட்டை இருந்தது, ராகி மாவு டின் நிறைய இருந்தது, பருப்பு, கொள்ளு எல்லாம் இருந்தது. நெருப்புதான் இல்லை. மருமகள் விடிவதற்குள் வடித்த சோற்றையும் குழம்பையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் எனக்கு வைத்துவிட்டுப் போவாள். மத்தியானம் திறந்தால் சோறு கட்டி கட்டியாக இருக்கும், குழம்பு மேலே எண்ணெய் உறைந்து ஆடை கட்டியிருக்கும். எனக்குப் பல் பாதிக்குமேல் போய்விட்டது. ஆறின சோறு தொண்டைக்குள் இறங்காது. நாலு வாய் தின்றுவிட்டு, மிச்சத்தை ஜன்னல் கம்பி வழியாகக் காக்காய்க்குப் போட்டுவிடுவேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவேன். மருமகள் வந்து பார்த்தால் காலி டப்பா. அவளுக்கும் நிம்மதி.

எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது சாப்பாட்டைத்தான். கீழ்வீட்டு வீட்டுக்கார அம்மா தெலுங்குக்காரி. படிக்கட்டில் நின்று, "அவ்வா, தின்ட்டிவா?" என்பாள். எதிர்மாடியில் துணி காயப்போட வருகிற பெண் கன்னடத்தில், "ஊட்ட ஆய்தா அஜ்ஜி?" என்பாள். மூன்று பாஷையிலும் நான் சொல்வது ஒரே பதில்தான். ஆச்சு. பசித்தாலும் ஆச்சு, பசிக்காவிட்டாலும் ஆச்சு. அது கேள்வியுமில்லை, இது பதிலுமில்லை. மனுஷரைப் பார்த்தால் சொல்லிக்கொள்வது. "இல்லை, இன்னும் சாப்பிடவில்லை" என்று ஒருத்தி சொன்னால் கேட்டவள் உடனே தட்டைப் போட வேண்டும். அந்தத் தர்மசங்கடத்தை யாருக்கு யார் கொடுப்பது?

அப்படியிருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் அந்தப் பெண் வந்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டதும் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். புது ஆள் முன்னால் நிற்க எனக்குச் சின்ன வயசிலிருந்தே கூச்சம். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தினபோதுகூட வாத்தியாரிடம் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் போகாமல் இருந்துவிட்டேன். அவள் விடவில்லை.

"பாட்டி, உள்ளதான இருக்கீங்க? கீழ்வீட்டம்மா சொன்னாங்க. காலேஜ்ல இருந்து வர்றேன் பாட்டி. ஆராய்ச்சிப் படிப்பு."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மரக்கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். மெலிந்த பெண். முதுகில் மூட்டை மாதிரி ஒரு பை. பேச்சு மதுரைப் பக்கத்துப் பேச்சு.

"என்னா ஆராய்ச்சி பாப்பா?"

"சாப்பாடு பாட்டி."

"சோத்துல என்னாத்த ஆராய்றது? பொங்குனா தின்ன வேண்டிதுதான."

அவள் சிரித்தாள். கம்பிக் கதவுக்கு வெளியே படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பக்கத்தில் விளைகிற தக்காளியும் அவரையும் எங்கே போகிறது, இங்கேயே குடியிருக்கிறவர்கள் தட்டுக்கு எவ்வளவு வருகிறது, வருவது போதுகிறதா என்று பார்க்கிற படிப்பாம். படிக்க ஆசைப்பட்டவர்கள் நிறையப் பேர், இடம் கிடைத்தது கொஞ்சம் பேருக்குத்தானாம். ஒருத்தனுக்கு ஆராயத் தக்காளி லாரி கொடுத்திருக்கிறார்கள். ஒருத்திக்குக் குந்தாரப்பள்ளிச் சந்தை. இவளுக்கு வீடுகள்.

"சந்தை கிடைச்சவ கொடுத்து வச்சவ பாட்டி. சந்தை தெறந்து கெடக்கு. எனக்குப் போற வீடெல்லாம் பூட்டு. உள்ள உங்களாட்டம் வயசானவங்க மட்டும் இருக்கீக. அப்ப உங்களத்தான் கேக்கணும்னு எங்க சார் சொல்லிட்டாரு."

பிறகு கேட்டாள். போன மாசத்தில் வீட்டில் சாப்பாடு இல்லாமல் போன நாள் உண்டா? இல்லை என்றேன். பசியோடு படுத்த நாள்? இல்லை. பிடித்ததைச் சாப்பிட முடியாமல் போனது? அதெல்லாம் ஒன்றும் இல்லை. எல்லாம் ஆச்சு. அவள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள். எதிர்மாடிக்காரிக்குச் சொல்கிற பதிலையே அவளுக்கும் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஒரு சின்னத் தராசோடு வந்தாள். தட்டையான தராசு, பலகை மாதிரி. கம்பிக்கு நடுவே அதைச் சாய்த்து உள்ளே விட்டாள். சாப்பிடுவதற்கு முன்னால் டப்பாவை அதன்மேல் வைத்து நம்பரைச் சொல்ல வேண்டும், சாப்பிட்ட பிறகு மிச்சத்தை வைத்து மறுபடி சொல்ல வேண்டும். நம்பர் படிக்க எனக்குத் தெரியும். சொன்னேன். தின்னத்தான் முடியவில்லை. ஒருத்தி எதிரில் உட்கார்ந்து பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி வாயில் வைப்பது? சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். அப்போது அவள் வயிறு இரைந்தது. எனக்கே கேட்டது.

"சாப்டியா பாப்பா?"

"ஆச்சு பாட்டி."

"என்னா சாப்ட?"

"ஹாஸ்டல்ல... இட்லி."

"எத்தனை மணிக்கு?"

அவள் பேனா மூடியைத் திருகினாள். நான் சோற்றில் பாதியை மூடியில் பிட்டு வைத்துக் கம்பி வழியாக நீட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்றவள், "உள்ள நெறைய இருக்குது" என்று நான் சொன்னதும் வாங்கிக்கொண்டாள். வழித்துத் தின்றாள். சோற்றைப் படிக்கிறவள் ஹாஸ்டலில் தண்ணிச் சாம்பாரும் பிஸ்கட்டுமாகக் கிடக்கிறாள் என்று அவளே சொல்லி அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிச்சத்தைத் தராசில் வைத்து நம்பர் சொன்னேன். அவள் எழுதிவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் சாப்பிடுறீங்க," என்றாள். படியிறங்கிப் பாதி தூரம் போனவள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஐயையோ பாட்டி! நான் தின்னதையும் சேத்து உங்க வயித்துல எழுதிப்புட்டேன்!"

இருவரும் சிரித்தோம். அந்த வீட்டுக்குள் நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த தரம் வரும்போது கையில் பன் வாங்கிக்கொண்டு வந்தாள். "இன்னைக்கு ஒரு வாய்கூட நீட்டக் கூடாது. எங்க சார் என்னையக் கொன்னுருவாரு," என்று சொல்லிவிட்டுத் தராசை உள்ளே விட்டாள். நாலு வாய் தின்றேன். ஐந்தாவது இறங்கவில்லை. டப்பாவை மூடி வைத்தேன். அப்போது பார்த்துக் காக்காய் வந்து ஜன்னல் கம்பியில் உட்கார்ந்தது. தினம் போடுகிற நேரம் தாண்டிவிட்டதால் ஒரே அதட்டல். போ போ என்றேன். போகாமல் டப்பாவையே பார்த்துக் கத்தியது. இன்னும் ரெண்டு வந்து சேர்ந்துகொண்டன.

அந்தப் பெண் காக்காயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கம்பிக்குள் கையை விட்டு டப்பாவை இழுத்து மூடியைத் திறந்து சோற்றைத் தொட்டாள்.

"சில்லுன்னு இருக்கே பாட்டி. சுட வச்சுக்கிட மாட்டீங்களா?"

அவள் எட்டி அடுப்படியைப் பார்த்தாள். சிலிண்டர் மொட்டைத் தலையோடு நிற்பது அங்கிருந்தே தெரியும். நோட்டை மூடினாள். "உங்களுக்கு என்ன சாப்பிடணும்னு இருக்கு?" என்றாள்.

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"களி. சூடா ஒரு உருண்டை. அவரைக்காய்க் கொழம்பு. நானே கிண்டணும் பாப்பா. ஆரும் கிண்டித் தர வேணாம்."

சொன்னதும் உடம்பெல்லாம் கூசியது. வயசான காலத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்நியப் பெண்ணிடம் கேட்டுவிட்டேனே என்று இருந்தது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு எண்ணம்தான். மத்தியானம் என் அடுப்பை நானே பற்றவைக்க வேண்டும். பூட்டு இருந்துவிட்டுப் போகட்டும். தெருவுக்கு இறங்கி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த நெருப்பு மட்டும் கைக்கு வந்தால், பகலில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று ஆகும்.

இதை நான் வீட்டில் கேட்டிருப்பேனா? ஒருநாளும் கேட்டிருக்க மாட்டேன். கேட்டது அந்தப் பெண். வேலை முடிந்து மருமகள் வந்த நேரம் பார்த்து மாடிக்கு வந்தாள். நல்ல மனசோடுதான் கேட்டாள்.

"அக்கா, மதியத்துக்குப் பாட்டி சூடா எதும் பண்ணிக்கிற மாதிரி ஏற்பாடு செய்ய முடியாதாக்கா? ஆறின சோறு எறங்க மாட்டேங்குது அவுகளுக்கு. பாதி காக்காய்க்குப் போகுது."

மருமகள் பையைக்கூடக் கீழே வைத்திருக்கவில்லை. கம்பெனிச் சட்டையோடு நின்றாள். "சரிம்மா, பாக்குறேன்," என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கதவைச் சாத்தின பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அத்தே, நான் சோறு போடலியா உங்களுக்கு?"

"போடுற."

"அப்ப அவ ஏன் கேக்குறா? கம்பெனிக்கு ஆடிட் பண்ண வர்றவன் கேக்குற மாதிரி கேக்குறா. காக்காய்க்குப் போடுறீங்களாமே. நான் காலி டப்பாவப் பாத்து, அத்தே தின்னுட்டாங்கன்னு இருந்தேனே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா?"

"நீ அலஞ்சிட்டு வர்ற. உங்கிட்ட போயி..."

"அலஞ்சிட்டுத்தான் வர்றேன். மூணாம் மனுசி வந்து சொல்லித் தெரிஞ்சுக்கணுமா நானு? நான் கேண்டீன்ல என்ன தின்னேன்னு யாராச்சும் தராசு எடுத்துட்டு வந்தாங்களா? மிஷின் லைன் நிக்கக் கூடாதுன்னு அள்ளிப் போட்டுட்டு ஓடுறேன். எனக்கு மட்டும் சுடச்சுடவா போடுறான்?"

அவள் சொன்னது எல்லாம் சரிதான். அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தோசை சுட்டாள். முதல் தோசையை எனக்குத்தான் வைத்தாள். அதை விழுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன்பிறகு சில நாள் வேண்டியதற்குமேல் பேச்சில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் மட்டும் முன்னைவிடப் பலமாகக் கேட்பதுபோல எனக்கு இருந்தது.

அவளுக்கு வார லீவு வந்த நாளில் ஸ்டூல் போட்டு ஏறி ரெகுலேட்டரை எடுத்தாள். மாட்டினாள்.

"இன்னிக்கு நீங்களே கிண்டுங்க அத்தே. நான் கை வைக்க மாட்டேன். பாக்குறேன். சரியா செஞ்சீங்கன்னா நாளையிலருந்து இது மேல போவாது."

கம்பெனியில் புதுப் பெண்களுக்கு இவள்தான் வேலை கற்றுக்கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவள். அங்கே நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள்.

தண்ணீர் கொதித்ததும் ராகி மாவைப் போட்டுக் களி கிண்டுகிற கட்டையை நடுவில் நட்டு வேகவிட்டேன். பாத்திரத்தைக் கீழே இறக்கி இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு கிண்டினேன். தோள் வலித்தது. அந்த வலியைப் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று. ஒரு கட்டி இல்லை. அவரைக்காய்க் குழம்பு முன்பே தயார், தாளிக்கிறதுதான் பாக்கி. வாணலியில் எண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து, கடுகும் மிளகாயும் போட்டேன். கறிவேப்பிலை முன்பக்கத் தொட்டிச் செடியில்தான் இருந்தது. கிள்ளி வரப் போனேன்.

கம்பிக் கதவு திறந்திருந்தது. மருமகள் வீட்டில் இருக்கிற நாளில் அது திறந்திருக்கும். வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நின்று மருமகளின் லீவைப் பற்றி ஏதோ கேட்டாள், நானும் தெலுங்கில் பதில் சொன்னேன். அவள் தன் மூத்த மகளுக்கு வரன் பார்க்கிற கதையை ஆரம்பித்தாள். கறிவேப்பிலை கையிலேயே இருந்தது. நான் கேட்டுக்கொண்டே நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், அதனால்தான் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கமறல் மூக்கில் ஏறின பிறகுதான் உறைத்தது. ஓடினேன். வாணலியில் மிளகாய் கரியாகிக் கிடந்தது. அடுப்படி முழுக்கப் புகை. மருமகள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் அடுப்பின் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கடைசி வரைக்கும் காத்திருந்து பார்த்திருக்கிறாள். நான் வந்துவிடுவேன், இதோ வந்துவிடுவேன் என்று பார்த்திருக்கிறாள்.

இரண்டு பேரும் இருமினோம். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். மிளகாய்ப் புகைக்கு வரத்தான் வரும்.

பார்த்தீங்களா என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு களியை உருட்டித் தட்டில் வைத்தாள். தாளிக்காத குழம்பை ஊற்றினாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தின்றோம். சூடு நாக்கில் பட்டு, தொண்டையில் பட்டு, நெஞ்சுக்குள் இறங்குவது தெரிந்தது.

"நல்லா இருக்குதுத்தே," என்றாள். இன்னொரு உருண்டை போட்டுக்கொண்டாள்.

ஷிப்ட் முடிந்து மகன் வந்தான். வாசலிலேயே, "என்னா, பரீட்சை பாஸா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினான். மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அத்தையவே கேளுங்க."

அப்போது எனக்குப் புரிந்தது. நான் பாஸ் என்று சொன்னால் அவள் மறுக்கப்போவதில்லை. கருகின வாணலியைத்தான் அவள் முதலில் தேய்த்துக் கவிழ்த்திருந்தாள். புகை வாசனை போய்விட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரெகுலேட்டர் கீழேயே இருக்கும், நாளைக்கு மத்தியானம் அடுப்பு என்னுடையது. வாய்வரைக்கும் வந்தது. மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மாவின் இளைய பெண் ஏதோ பாடம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

"மறந்துட்டேன்டா," என்றேன். "கறிவேப்பிலை பறிக்கப் போயி நின்னுட்டேன். உம் பொண்டாட்டிதான் நிறுத்துனா."

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. ஸ்டூலை இழுத்துப் போட்டு, ரெகுலேட்டரைக் கழற்றிப் பரண்மேல் வைத்தான். அது சிமெண்டில் உரசுகிற சத்தம் கேட்டது. மருமகள் குழாயை மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சாய்ங்காலம் நான் வந்த பொறவு கிண்டுங்க," என்றாள். "நான் பக்கத்துல இருக்கேன்ல. மத்தியானத்துக்குக் கஞ்சியாட்டம் கரைச்சு வச்சிட்டுப் போறேன். ஆறினாலும் எறங்கும்."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. சில சாயங்காலம் களி. மத்தியானம் கஞ்சி. காக்காய்கள் கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டன. பூட்டு வெளிப்பக்கமே தொங்குகிறது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் கடைசித் தரமாக வந்து படியில் உட்கார்ந்தாள். மருமகள் என்னைத் திட்டியிருப்பாளோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்தாள். அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டுமாம். பிடித்ததைச் சாப்பிட முடியாமல் போன நாள் உண்டா என்று கேட்டபோது, "உண்டு பாப்பா," என்றேன். "தினமும் மத்தியானம் உண்டு. எழுதிக்கோ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேனா ஓடவில்லை. "ஏன்னு கேக்கலாமா பாட்டி?"

கேட்கலாம் என்றேன். பரண்மேல் இருப்பதைச் சொன்னேன். மிளகாய் கருகினதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டால் அவள் பாதியைத்தான் எழுதிக்கொண்டு போவாள்; அந்தப் பாதியில் என் மருமகள் கெட்டவளாக இருப்பாள். மிஷின் லைன் நின்றுவிடும் என்று கேண்டீனில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவளையும் ஒரு நாள் வந்து கேள், அவளுக்கும் வார லீவு உண்டு என்று சொல்லி அனுப்பினேன்.